கட்டையை யார் தோளுக்கு அளக்கிறது?

தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளத்தில் இறக்கிவிடும் அந்த 7.3 கிலோமீட்டர் பாலம் 2023 ஏப்ரலில் திறந்ததிலிருந்து நத்தம் சாலைப் பயணமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஊருக்குள் நெளிந்து நெளிந்து போவோம். இப்போது வீடுகளின் மொட்டை மாடிகளையும் காயப்போட்ட வற்றலையும் பார்த்துக்கொண்டே பறக்கிறோம். பாலம் இறங்கியதும் ஒரு பக்கம் அழகர்மலை நீளமாகப் படுத்திருக்கும். இன்னொரு பக்கம், வெயில் தெளிவாக இருந்தால், தூரத்தில் சிறுமலை. நடுவில் மாந்தோப்பு, கொய்யா, நிலக்கடலை, ஆங்காங்கே தென்னை.

பகலில் பார்ப்பவர்களுக்கு இது குளுமையான நாடு. ராத்திரி இங்கே தங்கினால்தான் இன்னொரு முகம் தெரியும். மலை அடிவாரத் தோப்புகளில் ஒன்பது மணிக்கு மேல் காட்டுப்பன்றி இறங்கும். கடலைச் செடியை உழுதுவிட்டுப் போகும். கிழங்கு என்றால் ஒன்றுகூட மிஞ்சாது. சிறுமலைப் பக்கம் காட்டுமாடும் உண்டு. தகரத்தைத் தட்டுகிறார்கள், பழைய சேலையை வேலியாகக் கட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள். ஒரு வாரம் பயப்படும் பன்றி, எட்டாம் நாள் சேலையைத் தாண்டி வரும்.

இந்த அடிவாரத்தில் சில பழைய வீடுகளின் பீரோவுக்குள், உரிமத்தோடு, ஒரு துப்பாக்கி இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்காகவோ வேட்டைக்காகவோ தாத்தா காலத்தில் வாங்கியது. என் கல்லூரித் தோழியின் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அவள் தாத்தா 1968-ல் வாங்கியது. அதற்குக் கட்டை மாற்ற மதுரைக்குப் போகிறோம் என்றாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

துப்பாக்கிக் கட்டை என்பது ரைபிளின் மர உடம்பு. குழலும் போல்ட்டும் விசையும் எஃகு. அவற்றைத் தாங்குகிற, தோளில் முட்டுக் கொடுக்கிற, கன்னத்தை வைத்துக் குறிபார்க்கிற பகுதியெல்லாம் மரம். பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அந்த மரத்தின் கனமும், எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடையும் மறக்காது.

தோழி வீட்டு ரைபிள் .315 ரகம். மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. போலீஸ்காரர்கள் தோளில் நாம் பார்த்துப் பழகிய .303-க்குத் தம்பி என்று சொல்லலாம். அதே லீ-என்ஃபீல்டு குடும்பம், கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் அதே முறை. தோட்டா மட்டும் வேறு. அதற்கு ஒரு காரணம் உண்டு. ராணுவம் பயன்படுத்தும் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கவலைப்பட்டது. அந்தப் பயத்தில் பிறந்த வேறு அளவுகளில் .315-ம் ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. 1968-ல் வேட்டைக்கு உரிமம் கிடைத்த காலம். தாத்தா முயலும் பன்றியும் சுட்டார் என்று வீட்டில் கதை இருக்கிறது. முயல் எண்ணிக்கை மட்டும் சொல்லுகிற ஆளைப் பொறுத்து மாறும்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தில் வேட்டை உரிமம் என்பதே எடுபட்டது. அதற்குப் பிறகு அந்த ரைபிள் வேட்டை பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, சந்தனம் குங்குமத்தோடு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் படுத்திருக்கும். தேர்தல் வந்தால் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று தோழியின் அப்பா எத்தனை முறை அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

உடைந்தது எப்படி என்றால், யாரோ சுத்தம் செய்கிறேன் என்று பின்கட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். முன்கட்டையின் பின்முனையில் நீளவாக்கில் ஒரு விரிசல். பின்கட்டையின் கழுத்திலும் ஒரு வெடிப்பு. அதற்குள் கரையான்.

ஊரில் நல்ல ஆசாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். எனவே உரிமப் புத்தகம், உறை போட்ட ரைபிள், தோழி, 76 வயது அப்பா, நான் என்று காரில் மதுரைக்கு வந்தோம்.

மாசி வீதிகளின் சத்தத்திலிருந்து கொஞ்சம் விலகிய ஒரு சந்தில் கடை. பெயர்ப் பலகை வெளிறிக் கிடந்தது. கண்ணாடிப் பீரோவில் ஏர்கன்கள். பின்னால் ஒரு பட்டறை. அங்கே இரும்பு வாடை வரும் என்று நினைத்துப் போனேன். வந்தது மரத்தூள் வாடை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, முதலில் உரிமத்தை வாங்கி எண்ணைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதினார். அப்புறம் ரைபிளை வாங்கி, போல்ட்டை உருவி, குழலுக்குள் தோட்டா இல்லை என்று விரல் விட்டே பார்த்தார். காலி என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

விரிசலைப் பார்த்தவுடன் சிரித்தார்.

"முன்கட்டையக் கழட்டாம பின்னாடி போல்ட்ட முறுக்கிருக்காங்ய. அதான் பொளந்துபோச்சு."

விஷயம் இதுதான். இந்த ரக ரைபிளில் கட்டை இரண்டு துண்டு. பின்கட்டையை எஃகு உடம்போடு இணைப்பது அதன் வயிற்றுக்குள் ஓடும் ஒரு நீள போல்ட். பின்பக்கத் தகட்டில் இருக்கும் துளை வழியாக, ஒரு அடி நீளத் திருப்புளியை விட்டுத்தான் அதைத் திருக முடியும். அந்த போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும். தானாகத் தளராமலிருக்க அந்தச் சதுரத்தை முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு சிறு தகடு பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முன்கட்டையை முதலில் இறக்க வேண்டும். இறக்காமல் போல்ட்டைத் திருகினால், சதுரம் சுற்றும்போது தகட்டையும் சேர்த்து முறுக்கும். தகடு மரத்தைப் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு 'டக்' மட்டும் கேட்கும்.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் திருப்புளியைத் தேட வேண்டாம்!

பழைய கட்டையை அவர் கழற்றிய விதம் அழகு. மேகசினை எடுத்தார். விசைக் காப்பின் முன் திருகு, பின் திருகு. முன்கட்டையை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் நேராகக் கீழே இறக்கினார். அப்புறம்தான் பின்பக்கம். போல்ட் விடுபட்டதும் மரக் கொட்டாப்புளியால் பக்கத்துக்கு ஒரு தட்டு. பின்கட்டை கையோடு வந்தது. கரையான் தின்ற இடம் மேசையில் மாவாகக் கொட்டியது.

மரத்துக்கு வருவோம். பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த துண்டுகளில் அவர் முதலில் காட்டியது அக்ரூட் மரம். நாம் மண்டையைப் போன்ற பருப்புக்காக வாங்குகிறோமே, அதே வால்நட். உலகம் முழுக்கத் துப்பாக்கிக் கட்டைக்கு முதல் மரியாதை இதற்குத்தான். கனம் அதிகமில்லை, அதிர்ச்சியைத் தாங்கும், ஒருமுறை காய்ந்து நின்றுவிட்டால் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. நம் நாட்டில் இது காஷ்மீரில் விளைகிறது.

"தேக்குல பண்ணா என்ன? எங்க வீட்லயே பழைய பர்மா தேக்கு உத்தரம் கிடக்கு" என்றார் அப்பா.

"தேக்கு கதவுக்கு ராசாங்கய்யா. இதுக்கு வேணாம். கழுத்துல முறிஞ்சிரும்."

நம்மூர்ப் பூவரசை மெக்கானிக் குறைத்துப் பேசவில்லை. வண்டிக்கும் மேசை நாற்காலிக்கும் ஆகிய மரம், தெற்கே ஒரு காலத்தில் துப்பாக்கிக் கட்டைக்கும் ஆகியிருக்கிறது. ஈட்டி மரம் பளபளப்பாக இருக்கும். ஆனால் கனம் அதிகம், அதை வெட்டுவதற்கு 1994-ல் போட்ட தனிச் சட்டமே இருந்தது. கடைசியில் அக்ரூட்தான். எட்டு வருஷமாகப் பட்டறையில் காய்ந்த துண்டு என்றார். மதுரை வெயிலில் எட்டு வருஷம் என்றால் மரத்துக்குள் மிச்சம் ஈரம் இருக்க வாய்ப்பில்லை.

துண்டைப் புரட்டி ரேகை பார்த்தார். பெரிய சுழி விழுந்த அழகான பக்கத்தை நான் காட்டினேன். அதைப் பின்பக்கம் தள்ளினார். கழுத்துப் பகுதியில் ரேகை நேராக ஓட வேண்டுமாம். சுழி அங்கே வந்தால் அடுத்த தடவை விழும்போது அதே இடத்தில் முறியும். அழகெல்லாம் பின்னால் அகலமான பகுதியில் வந்தால் போதும்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கட்டைய யாரு தோளுக்கு அளக்கட்டும்?"

சட்டை மாதிரி, கட்டைக்கும் அளவு உண்டு. ராணுவத்துக்கு இந்த ரைபிளைச் செய்த காலத்திலேயே நீளம், சாதாரணம், குட்டை, மிகக் குட்டை என்று பின்கட்டைகள் இருந்தன. நீளமாகப் போனால் தோளில் சரியாக ஏறாது, கை எட்டாது. குட்டையாகப் போனால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் சுட்டுவிரல் விசைக்கு வர வேண்டும். கடைக்காரர்களின் சுருக்கு வழி இது.

அப்பா ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய கட்டை அவருடைய அப்பாவுக்கு அளந்தது, அவரும் அதே உயரம். மகன் சென்னையில் மென்பொருள் வேலை. போனில் கேட்டபோது, "சரண்டர் பண்ணிருங்கப்பா, எதுக்குத் தலைவலி" என்று முடித்துவிட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. புதுக் கட்டைக்கு ஆகும் செலவில் தோப்புக்கு நாலு சோலார் விளக்குப் போடலாம். பன்றியைச் சுடவும் முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைத்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். இவர்கள் தோப்பு காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கே வரும் பன்றிக்கு விருந்தாளி மரியாதை!

அப்பா பதில் சொல்லாமல் பழைய கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கும் அவசரப்படுத்தவில்லை. டீ சொன்னார்.

அந்த டீ நேரத்தில் எனக்கு வளரி ஞாபகம் வந்தது. இந்தச் சமவெளியின் பழைய வேட்டைக் கருவி அது. பிறை போல வளைந்த, ஒரு முனை கனத்த தடி. மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள், அரண்மனைக்காரர்கள் தந்தத்திலும் செய்தார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து போன தந்த வளரிகளும், புதுக்கோட்டையின் மர வளரியும் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. மதுரை, சிவகங்கைப் பக்கம் முயலையும் மானையும் விழுத்த இதுதான் துணை. கள்ளர் சமூகத்தில் கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததை 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெண் எடுக்கப் போகும்போது தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு வேட்டைத் தடியும் போயிருக்கிறது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1830-ல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். இளைஞராக இந்தப் பக்கம் இருந்தபோது, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று அதில் சொல்கிறார். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ்தான் 1801-ல் சின்ன மருதுவைத் துரத்திய படையிலும் இருந்தார். அந்த அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு வித்தை கற்றுத் தந்தவரைக் காட்டு விலங்கு போல வேட்டையாட நேர்ந்ததை எழுதும் இடத்தில் அந்த ராணுவக்காரரின் கை கொஞ்சம் தடுமாறுவதை இன்றைக்கும் உணர முடிகிறது. அதன் பிறகு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமானது. வளரி வீட்டிலிருந்து போய், சில குலதெய்வக் கோயில்களில் சாமியாக உட்கார்ந்தது. வீசத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஆயுதம் போனதை நினைத்து நான் வருத்தப்படவில்லை. முயலுக்கும் மானுக்கும் நல்லதுதான். ஆனால் ஒரு மரத்துண்டை எப்படி வளைப்பது, எங்கே கனம் வைப்பது, எந்த ரேகையில் வெட்டுவது என்று தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு, அதைக் கேட்க ஆளில்லாமல் நின்றுபோவது வேறு விஷயம். இந்தப் பட்டறையிலும் அதே கதைதான். மெக்கானிக்குக் கீழே வேலை பழக யாரும் இல்லை. புதிதாக வரும் ரைபிள்களுக்குப் பிளாஸ்டிக் கட்டை. கரையான் அரிக்காது, ஆசாரியும் வேண்டாம். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்துவிட்டது.

டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா சொன்னார்: "பாப்பாவுக்கு அளங்க."

தோழி நிமிர்ந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கெதுக்குப்பா?"

"தோப்பு உன் கையிலதான இருக்கு. ராத்திரி மோட்டார் போடப் போறது நீ. இதையும் நீயே வச்சுக்க. வேணாம்னு தோணுச்சுன்னா நீயே கொண்டுபோய் ஒப்படைச்சிரு. அந்த முடிவ நான் எடுக்கல."

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தன் சட்டப்படியான வாரிசுகளில் ஒருவரை நியமிக்கலாம். அந்த வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. மகன் என்றுதான் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் செல்லும்.

"அப்ப ஒரு இஞ்ச் குறையும். இங்கிட்டு வாங்க தங்கச்சி, கைய மடக்குங்க" என்றார் மெக்கானிக், ஏதோ ரவிக்கைக்கு அளவெடுப்பவர் மாதிரி.

வேலை முடியப் பல வாரம் ஆனது. இடையில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கட்டை உருவம் எடுத்திருந்தது. இந்த வேலையில் முக்கால்வாசிப் பொழுது போவது உருவத்துக்கு இல்லை, உட்காருவதற்கு. எஃகுப் பகுதியின் அடியில் விளக்குக் கரியை மெல்லிசாகப் பூசி, முன்கட்டைக்குள் வைத்து ஒரு அழுத்து. எடுத்தால், மரம் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்புப் புள்ளி. அதை மட்டும் உளி நுனியால் சுரண்டுகிறார். மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி சுரண்டல். நான் நின்ற அரை மணி நேரத்தில் பதினாறு தடவை. சுடும்போது பின்னோக்கி வரும் உதையை இரண்டு பக்க மரத் திண்டுகளும் சமமாக வாங்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கினால் அது நசுங்கும், பிறகு விரியும். குழலைப் பக்கவாட்டில் மரம் எங்கேயும் நெருக்கக் கூடாது. நெருக்கினால், ஐப்பசி மழையில் மரம் ஊதும்போது குழலைத் தள்ளும். சித்திரையில் அடித்த குறி கார்த்திகையில் அடிக்காது.

பின்கட்டையின் முன்முனை எஃகுக் கிண்ணிக்குள் போகிறது. கையால் தள்ளினால் முழுசாகப் போய்விடக் கூடாது. கடைசிக் கொஞ்சத்தை அந்த நீள போல்ட் இழுத்து உட்கார வைக்க வேண்டும். "சும்மா போனா சும்மா வந்துரும்" என்றார்.

கடைசியில் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய், அதுவும் காய்ச்சியது. நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடு ஏறும் வரை தேய்ப்பது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. வார்னிஷ் அடித்தால் ஒரே நாளில் பளபளக்குமே என்று கேட்டேன். கீறல் விழுந்தால் வார்னிஷ் உரியும், எண்ணெய் உரியாது, அந்த இடத்தில் மறுபடி தேய்த்தால் போதும் என்றார். வீட்டில் மரச்சாமான்களுக்கு இந்த எண்ணெய் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்டுவிட வேண்டும். பட்டறை வாசலில் கொடி கட்டித் துணிகள் தொங்கியதன் ரகசியம் அதுதான்.

வாங்கப் போன அன்று அப்பாதான் முதலில் ரைபிளை எடுத்தார். தோளில் வைத்துப் பார்த்தார். ஓர் அங்குலக் குறை நன்றாகவே தெரிந்தது. முழங்கை ஒடுங்கி, தலை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ சின்னப் பையனின் சட்டையைப் போட்ட மாதிரி இருந்தார். "எனக்குச் சேரல" என்று சொல்லி மகளிடம் கொடுத்தார். உரிமம் மாறும் வரை வீட்டில் அது அவர் பீரோவில்தான் இருக்கும், அவர் பெயரில்தான் இருக்கும். கடைக்காரர் முன்னிலையில், காலி ரைபிளை, சுவரைப் பார்த்து அவள் தோளில் ஏற்றினாள். கன்னம் போய் மரத்தில் உட்கார்ந்தது. விரல் விசைக்காப்பின் வெளியே நேராக நின்றது.

மெக்கானிக் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் முழங்கையைப் பார்த்தார்.

"கழுத்த நீட்டாதீங்க தங்கச்சி. கட்டைய உங்ககிட்ட கொண்டு வாங்க."

புது மரத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு மறுபடி கொண்டுவரச் சொன்னார். திருகுகளை ஒருமுறை இறுக்க வேண்டியிருக்குமாம். பழைய கட்டையை என்ன செய்வது என்று கேட்டோம். கரையான் வைத்த மரத்தைப் பட்டறையில் வைக்க மாட்டேன், கையோடு எடுத்துப் போய்விடுங்கள் என்றார்.